பதிலிலிருந்து பிறக்கட்டும் அடுத்த கேள்வி: மொழித்தேர்வில் நேர்காணல் எழுத ஒரு வழிகாட்டி

மொழித்தேர்வில் கட்டுரை, கடிதம், உரைப்பகுதி என்று வரும் கேள்விகளுக்கு நடுவே "நேர்காணலாக எழுதுக" என்ற ஒன்றைக் கண்டதும் பல பிள்ளைகளுக்கு நிம்மதி வந்துவிடும். ஐந்து கேள்வி, ஐந்து பதில், நடுநடுவே வரி விட்டு எழுதினால் பக்கமும் நிறைந்துவிடும். மதிப்பெண் கரைவதும் இங்கேதான். "மீன்பிடித்தொழில் மிகப் பழமையான தொழிலாகும். இதனால் நாட்டிற்கு அந்நியச் செலாவணி கிடைக்கிறது" என்று எந்த மீனவரும் வாசலில் உட்கார்ந்து பேசமாட்டார். அது பாடநூலின் குரல். ஆளின் பெயரை மேலே எழுதி, பாடநூலைக் கீழே எழுதினால் அது நேர்காணல் ஆகாது.

நேர்காணல் ஓர் உரையாடல். ஒருவர் சொல்லும் பதில்தான் அடுத்த கேள்வியைப் பிறப்பிக்க வேண்டும். கேள்வி இரண்டையும் கேள்வி நான்கையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். எதுவும் குலையவில்லை என்றால் நீங்கள் எழுதியது வினாப்பட்டியல். இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு வாசியுங்கள். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை படிக்கும் பிள்ளைகளை நினைத்தே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

வினாத்தாள் கேட்பது எது?

பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் இந்தக் கேள்வியை இரண்டு முறை வாசியுங்கள். நேர்காணல் நான்கு வேடத்தில் வரும்.

முதல் வகை, வினாக்களை மட்டும் கேட்கும்: "உங்கள் ஊருக்கு வந்த கடல்சார் அறிஞரிடம் கேட்க வினாக்கள் தயாரிக்க." இதற்குப் பதிலும் சேர்த்து எழுதுவது நேரத்தை வீணாக்குவது. இரண்டாம் வகையில் குறிப்புகள் தருவார்கள். தந்த குறிப்பு ஒவ்வொன்றும் விடையில் எங்காவது வந்தாக வேண்டும். ஒன்றை விட்டாலும் அதற்கான மதிப்பெண் போகும். எழுதி முடித்த குறிப்பை வினாத்தாளில் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் வகை, ஒரு பத்தியைக் கொடுத்து அதில் வரும் ஒருவரை நேர்காணச் சொல்லும். அங்கே செய்தி பத்தியிலிருந்துதான் வர வேண்டும், வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும். பத்தியின் வாக்கியத்தையே தூக்கி மேற்கோளுக்குள் வைப்பது பெரிய குறை. நான்காவது, முழுச் சுதந்திரம் தருவது: "உங்கள் பகுதித் தொழிலாளர் ஒருவரை நேர்கண்டு எழுதுக." பார்க்க எளிது, எழுதக் கடினம். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்குத்தான்.

நேர்காணல் எங்கே வெளிவரப்போகிறது என்பதையும் பாருங்கள். பள்ளி மலருக்கு என்றால் கேட்பவர் மாணவர்; நாளிதழுக்கு என்றால் நிருபர்; வானொலிக்கு என்றால் முதலில் நேயர்களுக்கு ஒரு வணக்கம், முடிவில் ஒரு விடைபெறல். மதிப்பிடுபவர் முதலில் தேடுவது இந்தப் பொருத்தத்தைத்தான்.

ஆளைச் சுருக்குங்கள்

"மீனவர் ஒருவரை நேர்காண்கிறேன்" என்று தொடங்கினால் கடல் முழுவதும் உங்கள் தலையில் விழும். ஒரு வேலையை எடுங்கள். பாம்பன் கரையில் கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருப்பவர், தங்கச்சிமடத்தில் கருவாடு காயப்போடும் அம்மா, வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவர், சாயல்குடிப் பக்கம் பதநீர் இறக்கும் பனையேறி, கரைவலை இழுக்கும் கூட்டத்தில் ஒருவர், மீன் ஏலம் கூறுபவர், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண். வேலை சுருங்கினால் கருவி தெரியும், நேரம் தெரியும், ஆபத்து தெரியும். இந்த மூன்றும் தெரிந்தால் இருநூறு சொல் தானாக வந்துவிடும்.

பெயர் விஷயத்தில் கவனம். வினாத்தாள் பெயர் தந்திருந்தால் அதை எழுதுங்கள். தராவிட்டால் ஊரில் உள்ள உண்மையான ஆளின் பெயரை எழுத வேண்டாம்; "பாசி எடுக்கும் அம்மா" என்பதே போதும். விடைத்தாளுக்குள் உங்கள் சொந்தப் பெயரும் பள்ளிப் பெயரும் வரவே கூடாது. "எங்கள் பள்ளியிலிருந்து சென்றோம்" என்று எழுதலாம், எந்தப் பள்ளி என்று எழுதக்கூடாது.

தேர்வுக்கு முன்னால் ஒரு முறையாவது உண்மையில் பேசுங்கள்

கற்பனையால் நேர்காணல் எழுதும் பிள்ளைக்கும், ஒரு முறை கேட்டு எழுதிய பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு முதல் பதிலிலேயே தெரியும். பதினைந்து நிமிடம் போதும். ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். படகு கரை தட்டி மீன் இறங்கும் நேரத்திலும் ஏலம் நடக்கும் நேரத்திலும் யாரையும் நிறுத்திப் பேசாதீர்கள். அந்த அரைமணி நேரத்தில்தான் அவர்களுடைய நாள் கூலி முடிவாகிறது. மீன் போனபிறகு வலையை உதறி உட்காருவார்கள். அதுதான் உங்கள் நேரம். கை வேலையில் இருக்கும்போது வாய் தாராளமாகப் பேசும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்மா தொழுகை நேரத்தையும், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் ஞாயிறு காலைப் பூசை நேரத்தையும் விட்டுவிடுங்கள்.

கையில் ஒரு சிறு நோட்டு. முழு வாக்கியமாக எழுத முயலாதீர்கள், பேச்சு ஓடிவிடும். பத்துப் பெயர்ச்சொல், மூன்று எண், அவர் சொன்னபடியே ஒரே ஒரு வாக்கியம்: இவை கிடைத்தால் கிளம்பலாம். பெயர்ச்சொல் என்றால் வெறும் "காற்று" அல்ல. வாடையா, கச்சானா, சோழகமா, கொண்டலா என்பது. வெறும் "கடல்" அல்ல; பாம்பன், மண்டபம் பக்கம் வடகடல், தென்கடல் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். இந்த ஒரு சொல் உங்கள் விடையில் இருந்தால் எழுதியவர் கரையை அறிந்தவர் என்பது திருத்துபவருக்குச் சட்டெனப் புரிந்துவிடும்.

கேள்விகளை எப்படி அமைப்பது

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இலக்கணப் பகுதிக்காக மனப்பாடம் செய்த இதே பட்டியல் இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது அறிவினா. விடை தெரிந்துகொண்டே ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அது. "மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாட்கள்?" என்று ஒரு மீனவரிடம் கேட்பது அந்த வகை, அவர் 61 என்று சொல்வார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நேர்காணலுக்கு வேண்டியது அறியா வினா: "அந்த 61 நாளும் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீர்கள்?" இடையில் ஓர் ஐய வினா வைத்தால் அழகு: "தூரத்தில் தெரியும் அந்தக் கருமை மழையா, காற்றா?"

"ஆ" என்று முடியும் கேள்விகளைக் குறையுங்கள். "இந்த வேலை கடினமா?" என்றால் "ஆமாம்" என்பதே விடை. "எந்த நேரத்தில் மிகவும் கடினம்?" என்று கேளுங்கள். ஒரே கேள்விக்குள் இரண்டைக் கட்டாதீர்கள். "எப்போது தொழிலுக்கு வந்தீர்கள், வருமானம் எப்படி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார், தேர்வில் நீங்களும் அதையே செய்துவிடுவீர்கள்.

விடைக்கும் நன்னூலிடமே போகலாம். எட்டு வகை விடை உண்டு. "நாளைக்குக் கடலுக்குப் போவீர்களா?" என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள்.

"போவேன்" என்பது நேர் விடை. "போகமாட்டேன்" என்பது மறை விடை. "நீயே போய்ப் பார்" என்றால் ஏவல். "போகாமல் இருப்பேனா?" என்றால் வினா எதிர் வினாதல். "நேற்றே வலை கிழிந்துவிட்டது" என்றால் உற்றது உரைத்தல். "போனால் வலை கிழியும்" என்றால் உறுவது கூறல். "வலை கோக்கப் போகிறேன்" என்றால் இனமொழி. மீதமுள்ள சுட்டு விடைக்கு வேறு கேள்வி வேண்டும்: "உங்கள் வள்ளம் எது?" "அதோ, பச்சை வர்ணம் அடித்தது."

மாணவர் விடைத்தாள்களில் பெரும்பாலும் நேரும் மறையும்தான் இருக்கும். மனிதர்கள் வாழ்க்கையில் அதிகம் பேசுவதோ உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் இனமொழியும். "நேற்றே வலை கிழிந்துவிட்டது" என்ற பதில் "போகமாட்டேன்" என்பதையும் சொல்கிறது, காரணத்தையும் சொல்கிறது, அடுத்த கேள்விக்கு வாசலையும் திறந்துவிடுகிறது: "எதில் மாட்டிக் கிழிந்தது?" ஐந்து பதில்களில் குறைந்தது இரண்டு இப்படி இருக்கட்டும்.

எந்தத் தமிழில் எழுதுவது?

பிள்ளைகளை மிகவும் குழப்புவது இதுதான். பேச்சுத்தமிழை அப்படியே எழுதினால் பிழை என்று வட்டமிடுவார்களோ என்ற பயம். எழுத்துத்தமிழில் எழுதினால் அந்த அம்மா பேசியதுபோல் இல்லையே என்ற தயக்கம்.

நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இது. தலைப்பு, முன்னுரை, முடிவு, கேட்பவரின் கேள்விகள் ஆகியவை முழுக்க எழுத்துத்தமிழில் இருக்கட்டும். பதில்களில் வினைமுற்று எழுத்துத்தமிழில் இருக்கட்டும்: "போறோம்" வேண்டாம், "போகிறோம்" எழுதுங்கள். ஆனால் வாக்கியத்தின் நீளமும் அடுக்கும் பேச்சைப்போல் இருக்கட்டும், தொழிற்சொற்கள் அவர்கள் சொல்லும்படியே இருக்கட்டும். "அமாவாசை, பௌர்ணமி தினங்களில் கடல்நீர் மட்டம் குறைவதன் காரணமாக அத்தினங்களில் பாசி சேகரிப்பது எளிதாகிறது" என்பதில் பிழை இல்லை, ஆளும் இல்லை. "அமாவாசையை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். மற்ற நாளில் போனால் பாறை எட்டாது" என்பதும் பிழையற்ற எழுத்துத்தமிழ்தான், ஆனால் அதில் ஒருவர் பேசுகிறார். "காரணமாக", "ஆகும்", "மேற்கொள்ளப்படுகிறது", "இத்தகைய" ஆகிய நான்கையும் பதில்களிலிருந்து நீக்கினாலே பாதி வேலை முடிந்தது. மிகவும் விரும்பினால், அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பேச்சுவழக்கிலேயே இரட்டை மேற்கோளுக்குள் தரலாம். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

வெளியூரில் இருந்து திருத்துபவருக்குப் புரியாத சொல் வந்தால், அடுத்த வாக்கியமே அதை விளக்கும்படி அமையுங்கள். அடைப்புக்குறி வேண்டாம். "கச்சான் எழுந்தால் மேற்கிலிருந்து அலையைத் தள்ளிக்கொண்டு வரும்" என்றால் கச்சான் என்னவென்று யாருக்கும் புரியும். "கடல்பாசி" என்ற சொல்லே ஒரு கண்ணி. நம் கரையின் பல வீடுகளில் கடல்பாசி என்றால் நோன்பு திறக்கும்போது வைக்கும் இனிப்பு. ஆகவே கடலில் பறிக்கும் பாசியைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்பது முன்னுரையிலேயே தெளிவாக வேண்டும்.

அழைப்புமுறை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்க வேண்டும். வயதில் மூத்த பெண் என்றால் "அம்மா", சற்றே மூத்தவர் என்றால் "அக்கா", ஆண் என்றால் "ஐயா" அல்லது "அண்ணா". கீழக்கரையில் மூத்தவரைக் "காக்கா" என்று அழைப்பது மரியாதை. எழுத விரும்பினால் எழுதுங்கள், அவர் யார் என்பது முன்னுரையில் தெரிந்திருக்கட்டும். அவர்கள் உங்களைத் "தம்பி" என்றோ "பாப்பா" என்றோ அழைப்பதை இரண்டு இடத்தில் வையுங்கள். எல்லாப் பதிலிலும் வைத்தால் நாடகம் ஆகிவிடும். மூன்றாவது கேள்வியில் "நீங்கள்" என்று கேட்டவர் ஐந்தாவதில் "நீ" என்று இறங்குவதும், முன்னுரையில் "அவர் கூறினார்" என்று தொடங்கி முடிவில் "அவள் சொன்னாள்" என்று முடிப்பதும் பலருக்கும் நேரும் பிழை.

எவ்வளவு எழுதுவது

200 சொல் என்று வைத்துக்கொண்டால் பங்கீடு ஏறத்தாழ இப்படி: தலைப்பு 3 முதல் 5 சொல். முன்னுரை 20 முதல் 30: யார், எங்கே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். கேள்விகள் ஐந்து அல்லது ஆறு, ஒவ்வொன்றும் 4 முதல் 8 சொல். பதில்கள் எல்லாம் சேர்த்து 110 முதல் 120. முடிவு 10 முதல் 15. கேள்வி பதிலைவிட நீளமாக இருந்தால் ஏதோ தவறு. பதில்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தாலும் தவறு. ஒன்று நான்கு வாக்கியம், இன்னொன்று நான்கு சொல் என்று இருக்கட்டும்.

சொல்லை எண்ணிக்கொண்டு உட்கார நேரம் இருக்காது. வீட்டிலேயே உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று பார்த்து வையுங்கள். 6 விழுந்தால் 200 சொல்லுக்கு 34 வரி. தேர்வறையில் வரியை மட்டும் பாருங்கள். 25 நிமிடம் ஒதுக்கினால் 5 திட்டத்துக்கு, 15 எழுத, 5 திருத்த.

பேசுபவர் குறிப்பை முதல் வரியில் எப்படி எழுதினீர்களோ அப்படியே கடைசி வரை எழுதுங்கள். "மாணவர்:" என்று தொடங்கி நடுவில் "வினா:" என்று மாறக்கூடாது. இடப்பக்க ஓரத்தில் குறிப்பு, முக்காற்புள்ளி, பிறகு பேச்சு. முன்பு சொன்ன அந்த ஒரே பேச்சுவழக்கு வாக்கியத்தைத் தவிர இந்த வடிவத்துக்குள் மேற்கோள்குறி தேவையில்லை, "என்று அவர் கூறினார்" என்பதும் தேவையில்லை. சிரித்தார், பேச்சை நிறுத்தினார் போன்ற செய்கைகளை அடைப்புக்குறிக்குள் ஓரிடத்தில் தரலாம்.

ஒரு மாதிரி, அருகில் வைத்துப் பார்க்க

நிலா பார்த்துப் போகும் வேலை

மண்டபத்தை அடுத்த மீனவக் குடியிருப்பு ஒன்றில், முப்பது ஆண்டுகளாகக் கடலில் மூழ்கிப் பாசி பறித்துவரும் அம்மா ஒருவரைச் சந்தித்தோம். வாசலில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தார்.

மாணவர்: வணக்கம் அம்மா. இன்று கடலுக்குப் போகவில்லையா?

அம்மா: அமாவாசை கழிந்து எட்டு நாள் ஆகிவிட்டது தம்பி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். மற்ற நாளில் போனால் பாறை எட்டாது.

மாணவர்: பாறை எட்டியதும் எப்படிப் பறிப்பீர்கள்?

அம்மா: மூச்சை அடக்கி முங்கிக் கையால்தான். விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றி, மேலே உறை போட்டுக்கொள்வோம். அப்படியும் பாறை அறுத்துவிடும்.

மாணவர்: வாசலில் கிடக்கும் இந்தத் தட்டு எதற்கு?

அம்மா: காலில் கட்டிக்கொள்ள. மீனுக்குத் துடுப்பு இருக்கிறதே, அதுபோல. தட்டு இல்லாமல் நீரோட்டத்தை எதிர்த்து வர முடியாது.

மாணவர்: நீரோட்டத்தில் சிக்கியது உண்டா?

அம்மா: உண்டு. (சிறிது நேரம் பேசவில்லை.) ஒருநாள் திடீரென்று கச்சான் எழுந்தது. படகு கண்ணுக்கே தெரியவில்லை. ஆறு பேரும் பாசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். படகுக்காரர் தேடிவந்து ஏற்றினார். மறுநாள் மறுபடி போனோம்.

மாணவர்: மறுநாளேவா?

அம்மா: கடல் நமக்காக வற்றிக்கொண்டே இருக்காது தம்பி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது.

மாணவர்: மகளும் உங்களோடு கடலுக்கு வருவாரா?

அம்மா: பாசி காயப்போடத் தெரியும்.

நன்றி சொல்லி எழுந்தோம். அவர் வெயில் படாத பக்கத்தைப் புரட்டிப்போடத் தொடங்கினார்.

இதில் நீரோட்டம் என்ற சொல் மூன்றாவது பதிலில் வந்தது, நான்காவது கேள்வி அதைப் பிடித்துக்கொண்டது. "மறுநாள்" என்பது நான்காவது பதிலின் கடைசி வாக்கியத்தில் வந்தது, ஐந்தாவது கேள்வி அந்த ஒரு சொல்லாலேயே ஆனது. கடைசிப் பதில் இனமொழி. வரமாட்டாள் என்று அந்த அம்மா சொல்லவில்லை; சொல்லாமலே புரிந்துவிடுகிறது. மூன்றாவது கேள்வி மட்டும் முந்தைய பதிலிலிருந்து வரவில்லை, கண்ணில் பட்ட பொருளிலிருந்து வந்தது. பேச்சு ஓரிடத்தில் முட்டிக்கொண்டால் இப்படி ஒரு பொருளைச் சுட்டித் திருப்பலாம். ஆனால் ஒரு நேர்காணலில் ஒரு முறைதான்.

பிள்ளைகள் இங்கே வழக்கமாகச் செய்வது, ஆபத்தைப் பற்றிய பதிலைக் கேட்டதும் "இளைஞர்களுக்கு நீங்கள் கூறும் அறிவுரை என்ன?" என்று தாவுவது. ஆறு பேர் கடலில் மிதந்த கதையைச் சொன்னவரிடம் அடுத்த நொடியே அறிவுரை கேட்பது மனிதத்தன்மை இல்லாத செயல். அறிவுரைக் கேள்வியை வினாத்தாள் கட்டாயமாகக் கேட்டாலொழிய விட்டுவிடுங்கள்.

செய்திப்பிழை

பதிலில் ஓர் ஆண்டோ எண்ணோ வந்தால் எழுத்து உறுதிபெறும், தவறாக வந்தால் மொத்தமும் சாயும். அதிகம் தவறுவது வயதுக் கணக்கு. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில். அதைக் கண்ணால் கண்டதாக ஒருவரைப் பேசவைத்தால், அப்போது அவருக்குப் பத்து வயது என்று வைத்தாலும் இன்று எழுபதைத் தாண்டியிருக்க வேண்டும். "ஐம்பது வயது மீனவர்" என்று முன்னுரையில் எழுதிவிட்டு, புயலன்று அப்பாவின் தோளில் இருந்ததாக எழுதினால் கூர்ந்து படிப்பவர் பிடித்துவிடுவார். அவருடைய தந்தை சொல்லிக் கேட்டதாக மாற்றினால் தீர்ந்தது.

பாம்பனில் எந்தப் பாலம் என்று தெளிவாக எழுதுங்கள். பழைய ரயில் பாலம் 1914, சாலைப் பாலம் 1988, செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம் 2025. இழுவை விசைப்படகுகளுக்கான தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் "யாருமே கடலுக்குப் போவதில்லை" என்று எழுதாதீர்கள். நாட்டுப்படகுகள் கரையோரமாகப் போய்வருகின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. பாசி எடுப்பவரை நேர்காண்கிறீர்கள் என்றால், அந்தத் தீவுகளின் பக்கம் போவதற்குக் கட்டுப்பாடு இருப்பது பேச்சில் வரக்கூடிய செய்திதான்.

உறுதியாகத் தெரியாத எண்ணை எழுதாதீர்கள். "கிலோ இத்தனை ரூபாய்" என்பதைவிட "சென்ற முறையைவிடக் குறைத்துத்தான் எடுத்தார்கள்" என்பது பாதுகாப்பானது, பேச்சுக்கும் நெருக்கமானது.

தேர்வு ஆங்கிலத்தில் என்றால்

முறை மாறாது. பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் எழுதும் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வின் முதல்மொழி ஆங்கிலத் தாளில் பத்தியை வாசித்து 250 முதல் 350 சொல்லில் எழுதும் கேள்வி, நேர்காணல் வடிவத்திலும் வருவதுண்டு. அப்படி வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளை வினாத்தாளே தந்துவிடும். வாசித்துப் புரிந்ததற்கு 15, எழுத்துக்கு 10 மதிப்பெண். ஆகவே அங்கே சொந்தக் கற்பனையைக் குறைத்து, பத்தியில் இருப்பதிலிருந்து என்ன ஊகிக்கலாம் என்பதில் கவனம் வையுங்கள். வள்ளம், கச்சான் போன்ற சொற்களை மொழிபெயர்க்கத் தடுமாற வேண்டாம். ஒலிபெயர்த்து எழுதி, அடுத்த வாக்கியத்தில் விளக்கிவிடலாம்.

கடைசி ஐந்து நிமிடம்

முதலில் கேள்விகளை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். இரண்டு கேள்விகள் ஒன்றையே கேட்டால் ஒன்றின் சொல்லை மாற்றுங்கள். பிறகு பதில்களை மட்டும் வாசியுங்கள். எல்லாமே "நாங்கள்" என்றோ "இந்தத் தொழில்" என்றோ தொடங்கினால் இரண்டின் தொடக்கத்தைத் திருப்பிப்போடுங்கள்.

அடுத்து எழுத்துப்பிழை. கடற்கரையைப் பற்றி எழுதும்போது கை தவறும் சொற்கள் குறிப்பாகச் சில உண்டு: மீன் பிடிப்பது வலை, கையில் அணிவது வளை. கடலுக்குக் கரை, துணியில் கறை. படகில் ஏறி, நீர் தேங்குவது ஏரி. மார்கழியில் பனி, செய்வது பணி. சங்குக்காகக் கடலில் குளிப்பது ளகரம், மணலில் தோண்டும் குழி ழகரம். மீனுக்குப் போடும் இரை இடையினம், வணங்கும் இறை வல்லினம்.

ஒற்று விடுபடுவது பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில்: கடலுக்குப் போனோம், கரைக்குத் திரும்பினோம், வலைக்குக் கயிறு. இரண்டாம் வேற்றுமையிலும் அப்படியே: படகைத் தள்ளினோம், பாசியைப் பறித்தோம். க, ச, த, ப நான்கில் ஒன்று அடுத்த சொல்லின் தொடக்கத்தில் வருகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். மற்ற எழுத்து வந்தால் ஒற்று வேண்டாம், "படகை இழுத்தோம்" என்பதே சரி. கேள்விக்குறிகளையும் எண்ணிவிடுங்கள். ஆறு கேள்வி எழுதியிருந்தால் ஓரத்தில் "மாணவர்:" என்று தொடங்கும் வரிகளில் ஆறு கேள்விக்குறி இருக்க வேண்டும்.